கோழித் தீவனத்தில் மூலிகை: குற்றாலத்திலிருந்து ஒரு கணக்கு

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் தென்காசி வட்டாரத்தில் கோழிக்குக் கிராக்கிதான். பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளித்தவர்கள் பசியோடு பிரானூர் பார்டருக்கு வண்டியைத் திருப்புவார்கள். பரோட்டாவுக்குப் பக்கத்தில் நாட்டுக்கோழியோ காடையோ இல்லாவிட்டால் அவர்களுக்குச் சீசன் வந்த மாதிரியே இருக்காது. கோழி வளர்ப்பவருக்கோ அதே சாரல் தலைவலி. காற்றில் ஈரம் ஏறினால் கொட்டகையில் ஆழ்கூளம் நசநசக்கும். ஈரக்கூளத்தில் ஐமீரியா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் பக்குவப்பட்டு ரத்தக்கழிச்சலைக் கிளப்பும். அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். மூட்டையில் இருக்கும் மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடிக்கும். கோழி நன்றாக விற்கும் காலமும் கோழி சாகும் காலமும் சேர்ந்தே வருவது இந்த ஊர் வளர்ப்பின் கிரகசாரம்.

அப்போது யாராவது ஒருவர் கேட்பார்: "குற்றாலத்தில் இல்லாத மூலிகையா? அரைத்துத் தீவனத்தில் போட்டால் போச்சு." குற்றாலக் கடைவீதியில் நிலவேம்பும் பட்டையும் கிராம்பும் குவித்து வைத்து விற்பதைப் பார்த்தவருக்கு அந்த யோசனை வருவது இயல்பு. உலகத் தீவனத் தொழிலும் இப்போது இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் பெரிய செலவில். தாவரச் சாறு, பொடி, வாசனை எண்ணெய் ஆகியவற்றைத் தீவனத்தில் கலந்தால் கோழி நோயில்லாமல் வளருமா, எடை கூடுமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோழியின் குடல் சார்ந்த தொல்லைகளில் மூலிகைக்கு இடம் உண்டு, ஆனால் விளம்பரம் சொல்வதைவிடச் சிறிய இடம். வைரஸ் நோயில் அதற்கு இடமே இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒருபக்கம் ஏமாற்றமும் மறுபக்கம் ஏளனமும் பெருகுகின்றன.

மூலிகைக்கு இந்தத் திடீர் மவுசு வரக் காரணம் ஆன்டிபயாடிக். 1940களின் இறுதியில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டாக்ஸ்டாடும் வைட்டமின் பி12க்கு மலிவான மூலம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் மருந்து தயாரித்து மிஞ்சிய கசடைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, வைட்டமின் கணக்குக்கு மீறிக் குஞ்சுகள் பருத்தன. காரணம் கசடில் தங்கியிருந்த மருந்து. அதன் பிறகு நோய் இருக்கிறதோ இல்லையோ, தீவனத்தில் சிறிதளவு ஆன்டிபயாடிக் கலப்பது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது.

அதன் விலை பிறகுதான் தெரிந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பண்ணையில் உருவாகி மனிதர்களிடம் வந்து சேர்ந்தன. 1986இல் ஸ்வீடன் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதைத் தடுத்தது. 2006 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை வந்தது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான மருந்துகளை வளர்ச்சிக்காகப் பயன்படுத்துவதை 2017இல் அமெரிக்காவும் நிறுத்தியது. இந்தியாவில், அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2014இல் தில்லி வட்டாரத்தில் வாங்கிச் சோதித்த 70 கோழிக்கறி மாதிரிகளில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. கடைசிக் கட்ட மருந்து என்று மருத்துவர்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்த கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று 2019 ஜூலையில் மத்திய அரசு ஆணையிட்டது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் காலியான இடத்தில்தான் புரோபயாடிக், கரிம அமிலங்கள், நொதிகள் ஆகியவற்றோடு மூலிகையும் வந்து உட்கார்ந்தது.

ஆன்டிபயாடிக் ஏன் வளர்த்தது என்பது புரிந்தால் மூலிகையிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதும் புரியும். 1963இல் இங்கிலாந்தில் மேரி கோட்ஸ் குழுவினர் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த குஞ்சுகளுக்குப் பென்சிலின் கொடுத்தார்கள். அவை கூடுதலாக வளரவில்லை. ஆக, மருந்து நேராகச் சதையை வளர்ப்பதில்லை. தின்ற தீவனத்தில் குடல் கிருமிகள் எடுத்துக்கொள்ளும் பங்கையும், அவற்றோடு போராடுவதில் கோழி செலவழிக்கும் சக்தியையும் அது குறைக்கிறது. சுத்தமான கொட்டகையில் பலன் குறைவு, அழுக்குக் கொட்டகையில் அதிகம். மூலிகை சேர்க்கைக்கும் இதே விதிதான். ஆய்வகத்தில் பளிச்சென்று கழுவிய கூண்டில் ஒன்றுமே செய்யாத சாறு, ஆடிச் சாரலில் நசநசத்த கூளத்தில் கொஞ்சம் கைகொடுக்கலாம். அப்படியானால் முதலில் கூளத்தைக் கிளறிக் காயப்போடுவதுதானே மலிவான மருந்து என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வி மிகச் சரியானது.

மூலிகைகளில் அறிவியல் ஆதாரம் கொஞ்சம் கெட்டியாக இருப்பது வாசனைச் சரக்குகளுக்கு. ஐரோப்பிய நிறுவனங்கள் விற்கும் கலவைகளில் பெரும்பாலும் இருப்பவை ஓரிகானோ, தைம் செடிகளின் எண்ணெய். அவற்றின் சாரம் கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு பொருள்கள். தைமால் நம் ஓமத்தில் தாராளமாக உண்டு. குழந்தைக்குச் சளி பிடித்தால் கசக்கிக் கொடுக்கும் கற்பூரவல்லியில் கார்வக்ரால் இருக்கிறது. பட்டையில் சின்னமால்டிஹைடு, கிராம்பில் யூஜினால். கம்பெனி காலத்திலேயே வெள்ளைக்காரர்கள் குற்றால மலையடியில் சாதிக்காய், கிராம்பு, பட்டைத் தோட்டம் போட்டுப் பார்த்த மண் இது. எனவே சரக்குக்குப் பஞ்சமில்லை.

இந்த எண்ணெய்கள் பாக்டீரியாவின் மேலுறையைக் குலைத்து அதன் உள்ளிருப்பை ஒழுகவிடும். செரிமான நீர் சுரப்பையும் தூண்டும் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. குடலைப் புண்ணாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் கிருமி ஆய்வகத் தட்டில் இவற்றின் முன் நிற்பதில்லை. ஆனால் தட்டு வேறு, குடல் வேறு. எண்ணெயை அப்படியே தீவனத்தில் தெளித்தால் பெரும்பகுதி முன்குடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். கிருமி குடியிருக்கும் பின்பகுதிக்குப் போய்ச் சேருவது சொற்பம். அதனால்தான் கொழுப்பு உறை பூசி, மெதுவாகக் கரையும்படி செய்து விற்கிறார்கள். விலை ஏறுவது செடியால் அல்ல, இந்த உறையால். போதாததற்கு, குச்சித் தீவனம் தயாரிக்கும்போது 80 டிகிரி அளவில் நீராவி பாய்ச்சுவார்கள். வாசனை எண்ணெயில் ஒரு பங்கு அங்கேயே ஆவியாகிவிடும். வீட்டில் ஓமத்தைப் பொடித்துத் தூவுபவர் இந்த இரண்டு இழப்பையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இடையில் ஒரு வேடிக்கை. கோழிக்கு மிளகாய்க் காரம் உறைக்காது. காரத்தை உணர்த்தும் நரம்பு வாயில் பாலூட்டிகளிடம் மிளகாய்க்குத் திறக்கும், பறவைகளிடம் திறக்காது. அதனால் மிளகாய்த் தூள் கலந்தால் தீவனம் எடுக்காது என்ற பயம் வேண்டாம். மிளகாய் போட்டால் கோழிக்குச் சுறுசுறுப்பு வரும் என்ற நம்பிக்கையும் வேண்டாம்.

மஞ்சளுக்கு வருவோம். மஞ்சள் இல்லாத நாட்டு வைத்தியக் குறிப்பே கிடையாது. மஞ்சளில் குர்குமின் இருப்பது எடையில் 2 முதல் 5 சதவீதம் வரை. அதுவும் குடலிலிருந்து ரத்தத்துக்கு மிகக் குறைவாகத்தான் போகும். 1998இல் பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வு, மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் மனிதர்களில் குர்குமின் ரத்தத்தில் சேர்வது பல மடங்கு கூடுகிறது என்று காட்டியது. மஞ்சளோடு மிளகு சேர்த்த பாட்டிகள் இதைத் தெரிந்துதான் சேர்த்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சேர்த்தது நல்லதாகப் போயிற்று, அவ்வளவுதான். கோழிக்குடலில் வேலை நடக்க வேண்டுமென்றால் ரத்தத்தில் சேர வேண்டிய அவசியமும் பெரிதாக இல்லை.

மஞ்சளின் இன்னொரு பயன்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அஃப்லாடாக்சின் என்ற பெயர் அதற்குப் பிறகு வந்ததுதான். கடலைப் பிண்ணாக்கும் மக்காச்சோளமும் கோழிக்குப் போடும் நம் ஊரில், மழைக்காலத்தில் அது சொல்லாமல் கொள்ளாமல் நுழையும் விருந்தாளி. கோழி உடனே சாகாது. ஈரல் கெட்டு, வளர்ச்சி மந்தித்து, தடுப்பூசி போட்டும் எதிர்ப்பு வராமல் போகும். அஃப்லாடாக்சின் கலந்த தீவனத்தோடு 0.5 சதவீதம் மஞ்சள்தூள் சேர்த்துக் கறிக்கோழிக் குஞ்சுகளில் நடத்தி 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஈரல் பாதிப்பு ஓரளவு குறைந்தது. முழுக்கக் குணமாகவில்லை. ஈரல் டானிக் என்று பண்ணைகளில் புட்டி புட்டியாக ஊற்றப்படும் கீழாநெல்லி, நிலவேம்புக் கலவைகளையும் இந்தக் கோணத்தில்தான் பார்க்க வேண்டும். கெட்ட பிண்ணாக்கை நிறுத்தாமல் டானிக் ஊற்றுவது, ஓட்டையை அடைக்காமல் படகில் தண்ணீர் இறைப்பது போன்றது.

முருங்கை இலையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். உலர்ந்த இலையில் கால் பங்கு அளவுக்குப் புரதம் இருக்கிறது. ஆகவே அதை மருந்தாகப் பார்க்காமல் தீவனமாகப் பார்ப்பது நல்லது. ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் நார்ச்சத்தும் டானினும் கூடிக் கறிக்கோழியின் எடை குறைவதாகப் பல சோதனைகள் சொல்கின்றன. வேப்பிலையும் அப்படித்தான். அளவு மீறினால் கசப்பில் தீவனமே எடுக்காது.

தாவரச் சாறு கோழித் தீவனத்தில் சந்தேகமே இல்லாமல் வேலை செய்வதற்கு ஒரே ஒரு உதாரணம் கேட்டால் நான் காட்டுவது செண்டுமல்லியை. கோழியால் கரோட்டினாய்டு நிறமியை உடம்பில் தயாரிக்க முடியாது. தின்றால்தான் மஞ்சள் கருவில் நிறம் ஏறும். செண்டுமல்லி இதழிலிருந்து எடுக்கும் லூட்டீன் சாறு அதைத் துல்லியமாகச் செய்கிறது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஒப்பந்தத்தில் செண்டுமல்லி விளைவித்துச் சாறெடுக்கும் தொழிலே நடக்கிறது. ஆனால் கரு ஆரஞ்சாக இருப்பதால் முட்டை நாட்டுமுட்டை ஆகிவிடாது, சத்தும் பெரிதாகக் கூடிவிடாது. சந்தையில் நிறத்தைப் பார்த்து இரண்டு ரூபாய் அதிகம் கொடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கொடுத்தால் சரி.

இனி வெள்ளைக்கழிச்சல். தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கம் வீட்டுக்கு ஐந்தாறு கோழி வளர்க்கும் பெண்களைக் கேட்டால், பாம்பும் கீரியும் கொண்டுபோனதைவிட இது கொண்டுபோனதுதான் அதிகம் என்பார்கள். இந்தியாவில் இது முதலில் அடையாளம் காணப்பட்டது 1927இல், குமாவுன் மலையில் உள்ள ராணிக்கேத்தில். அரசுக் குறிப்பில் கோழிக்கழிச்சல் என்று எழுதுவார்கள். கிருமி ஒரு வைரஸ். கோழி சிறகைத் தொங்கவிட்டுத் தூங்கி விழும், வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், கழுத்து திருகும், கூட்டம் கூட்டமாகச் சாகும். சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு, கீழாநெல்லி எல்லாம் சேர்த்து அரைத்து உருண்டை பிடித்துக் கொடுக்கும் முறை தமிழ்நாடு முழுவதும் பரவியிருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மரபுவழி மருத்துவ முறைகளைத் தொகுத்து அளவோடு எழுதிப் பரப்பியது பெரிய பணி. வாய்வழியாகத் திரிந்துகொண்டிருந்த குறிப்புகளைச் சோதிக்கத் தகுந்த வடிவத்துக்கு அது கொண்டுவந்தது. அம்மைப் புண்ணில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது போன்றவற்றில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் வெள்ளைக்கழிச்சலில் உருண்டை கொடுத்துப் பிழைத்த கோழியைப் பற்றிப் பேசுபவர்கள், உருண்டை கொடுக்காமலே பிழைத்த கோழிகளை எண்ணுவதில்லை. தடுப்பூசிக்குப் பதிலாக மூலிகை என்று யார் சொன்னாலும் அது தவறு. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை இருவார முகாம் நடத்தி இலவசமாகவே இந்தத் தடுப்பூசியைப் போடுகிறது. கோழியைப் பிடித்துக் கொடுக்க ஆள் இல்லை என்பவர்களுக்காகத் தீவனத்தோடு தின்னக்கூடிய குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் பல்கலைக்கழகமே உருவாக்கியிருக்கிறது.

மூலிகைத் தீவனம் பற்றி வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. படிக்கப் படிக்க ஒரு சலிப்பு வருகிறது. பெரும்பாலும் சில பத்துக் குஞ்சுகள், ஒரே ஒரு பேட்ச், 35 அல்லது 42 நாள். பொடியில் சாரப்பொருள் எவ்வளவு என்று அளந்து பார்ப்பதில்லை. ஒரே கூண்டில் இருக்கும் பத்துக் குஞ்சுகளைப் பத்துத் தனிச் சோதனைகளாக எண்ணிக் கணக்குப் போடுகிறார்கள். எடை கூடியது என்றால் அச்சேறுகிறது, கூடவில்லை என்றால் அலமாரியில் தூங்குகிறது. கிடைக்கும் வித்தியாசமும் பொதுவாகச் சில சதவீதம்தான். சில சதவீதம் சின்ன விஷயமல்ல. கறிக்கோழி வளர்ப்பில் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனம் என்பதால், எஃப்.சி.ஆர். (ஒரு கிலோ எடை கூடத் தேவைப்படும் தீவன அளவு) கொஞ்சம் குறைந்தாலும் பத்தாயிரம் கோழிப் பண்ணையில் பணம் தெரியும். ஆனால் அந்தச் சில சதவீதம் மூலிகையால் வந்ததா, தற்செயலா என்று சொல்ல இந்த அளவுச் சோதனைகள் போதாது.

சரக்கின் தரம் அடுத்த சிக்கல். தென்னிந்திய நாட்டுமருந்துக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்றவற்றை மரபணு முறையில் சோதித்தபோது அதே குடும்பத்தின் வேறு இனங்களும் கலந்திருந்தன. பறிக்கும் பருவம், காயவைத்த விதம், மூட்டையில் கிடந்த மாதங்கள் இவற்றைப் பொறுத்து நிலவேம்பில் ஆண்ட்ரோகிராஃபோலைடு ஏறி இறங்கும். இந்த மாதம் வேலை செய்த பொடி அடுத்த மாதம் செய்யாமல் போவதற்கு இதுவே போதும். பண்ணைக்காரர் கோழியைக் குறை சொல்வார், அல்லது அண்டை வீட்டாரின் கண்ணை.

இதையெல்லாம் தாண்டி, தீவனத்தில் என்ன கலப்பது என்று முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது? நாமக்கல் முட்டைப் பண்ணையாளர் பலர் தீவனத்தைத் தாமே அரைக்கிறார்கள், அவர்களால் முடிவெடுக்க முடியும். ஒப்பந்தத்தில் கறிக்கோழி வளர்ப்பவருக்குக் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனத்திடமிருந்து வருகிறது. அவர் கையில் இருப்பது கொட்டகையும் தண்ணீரும் வளர்ப்புக் கூலியும். அவரிடம் போய் மூலிகைப் பாடம் நடத்துவதில் பொருளில்லை. சிறுவிடை, பெருவிடைக் கோழிகளைப் புழக்கடையில் மேயவிடும் வீட்டில் தீவனம் என்பதே சோற்றுக் கஞ்சியும் குருணையும்தான். அங்கே ஒரு கைப்பிடி கற்பூரவல்லி இலையை நறுக்கிப் போடுவதில் நட்டமில்லை. பலன் எவ்வளவு என்பது வேறு விஷயம்.

மூலிகையைக் கொண்டாடுபவர்கள் ஒரு கணக்கு போட வேண்டும். ஒரு கறிக்கோழி விற்பனை எடைக்கு வருவதற்குள் சுமார் மூன்றேகால் கிலோ தீவனம் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் கோழிக்கு முப்பத்திரண்டரை டன். அதில் 0.5 சதவீதம் நிலவேம்புப் பொடி கலந்தால் ஒரு பேட்சுக்கு 162 கிலோ. ஆண்டுக்கு ஆறு பேட்ச் என்றால் ஒரே பண்ணைக்கு ஏறக்குறைய ஒரு டன் உலர்ந்த நிலவேம்பு. 2012இல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீருக்கு எழுந்த தேவையே சந்தையை உலுக்கியது. கறிக்கோழித் தொழில் முழுவதும் இந்தப் பக்கம் திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தானாக முளைத்த செடி எத்தனை பருவம் தாங்கும்? நெல்லை வனவிலங்கு சரணாலயம் 2015இல் அறிவிக்கப்பட்ட பிறகு மலையில் பறிப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு, இருக்கவும் வேண்டும். ஆகவே கோழிக்கு மூலிகை என்றால் அது வயலில் விளைந்த மூலிகையாகத்தான் இருக்க வேண்டும். நிலவேம்பு ஓராண்டுப் பயிர், விதை போட்டால் வரும். ஆலங்குளத்திலும் பாவூர்சத்திரத்திலும் காய்கறி போடும் கைகளுக்கு அது கஷ்டமான வேளாண்மை அல்ல. வாங்குவதற்கு உறுதியான ஆள் இருந்தால் போதும்.

அந்த உறுதியைத் தர நம்பகமான சோதனை வேண்டும். திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தென்காசியிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டம். ஓமம், கற்பூரவல்லி, மஞ்சள் என்ற மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, சாரப்பொருளை அளந்து, சாரல் காலத்தில், தென்காசி மாவட்டத்தின் உண்மையான கொட்டகைகளில், தடுப்பூசி போட்ட கோழிகளில், மூன்று சீசன் தொடர்ந்து அக்கல்லூரி சோதித்துப் பார்க்க வேண்டும். பலன் இல்லை என்று முடிவு வந்தாலும் அதைத் தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும். அதுவரை பொடிப் பாக்கெட் வாங்குபவர்கள், அதில் எந்தச் செடி, சாரப்பொருள் எத்தனை சதவீதம், டன்னுக்கு எவ்வளவு என்ற மூன்றும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்துக்குக் காய்ந்த தேங்காய்நார்க் கூளம் வாங்கிப் போடுங்கள்.